கிழங்களும் கிழமைகளும்

அத்தியாயம் 6

ஆந்திராவில் உள்ள சூளூர்பேட்டைக்கு நாங்கள் குடிவந்த முதல் வருஷத்து மாதக் காலண்டரை நான் இன்னும் பழைய பேப்பர்காரருக்குப் போடவில்லை. பால் கணக்கு எழுதுவதற்காக வாங்கிய காலண்டர்தான். ஆகஸ்ட் மாதத்தில் ஒரு வாரத்தைப் பாருங்கள். நீல மையில் என் கூட்டங்கள், சிவப்பு மையில் என் கணவருடைய ஊர்கள். ஏழு நாளில் பதினோரு இடம். புதன்கிழமைக் கட்டத்தில் சிவப்பு மையில் மூன்று ஊர்ப் பெயர்கள். அவற்றுக்குக் கீழே என் கையெழுத்தில், "சுகர் 58".

மூன்றாவது ஊரிலிருந்து திரும்பி பஸ் ஸ்டாண்டில் இறங்கியவர், அப்படியே சிமென்ட் பெஞ்சில் சாய்ந்துவிட்டார். டீக்கடைப் பையன்தான் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து வாயில் ஊற்றினான். அப்போது இவருக்கு வயது 64, எனக்கு 61. இவர் மின்வாரியத்தில் ஓய்வு பெற்றவர், நான் பள்ளிக்கூட டீச்சர். "இனி ஆண்டவருக்குத்தான் முழு நேரமும்" என்று பிள்ளைகளிடம் சொல்லிவிட்டு வந்தவர்கள். முழு நேரம் என்றால் என்ன என்பதை அந்தச் சர்க்கரைத் தண்ணீர்தான் எங்களுக்குக் கற்றுக்கொடுத்தது.

அன்று இரவு கட்டிலில் படுத்தபடி இவர் சொன்னார்: "கிழத்துக்குப் பலம் கிழமையில இருக்கு. எத்தனை இடம் போனோங்கிறது கணக்கில்ல. சொன்ன கிழமையில சொன்ன இடத்துல இருந்தோமாங்கிறதுதான்." இந்த அத்தியாயம் முழுக்க அந்த ஒரு வார்த்தையின் விரிவுரைதான்.

முன்னே போனவர்கள்

நீங்கள் போகிற ஊரில் உங்களுக்கு முன்னால் யாராவது வந்திருப்பார்கள். அவர்கள் எப்படி வாழ்ந்தார்கள் என்று விசாரியுங்கள்.

இந்த ஊரையே எடுத்துக்கொள்வோம். ஜெர்மனியின் ஹெர்மன்ஸ்பர்க் மிஷனிலிருந்து ஆகஸ்ட் மைலியஸ் என்பவர் 1860களில் இந்தப் பக்கம் வந்தார். அதற்கு முன்பே லைப்சிக் மிஷனில் தமிழ் மக்கள் நடுவே ஊழியம் செய்து ஊர் திரும்பியிருந்தவர், மறுபடியும் கப்பலேறி இந்த முறை தெலுங்கு நாட்டுக்கு வந்தார். சூளூர்பேட்டை, நாயுடுபேட்டை, கூடூர் என்று மிஷன் பங்களாக்கள் எழும்பின. முதல் உலகப் போரில் ஜெர்மானியர்கள் வெளியேற வேண்டி வந்தபோது அமெரிக்க ஒஹாயோ லுத்தரன்கள் பொறுப்பேற்றார்கள். அந்த வேரிலிருந்து வந்ததுதான் திருப்பதியைத் தலைமையிடமாகக் கொண்ட தென் ஆந்திர லுத்தரன் திருச்சபை.

பழைய சித்தூர் மாவட்டத்து மதனப்பள்ளியில் ஆற்காடு மிஷனைச் சேர்ந்த டாக்டர் ஜேக்கப் சேம்பர்லினும் அவர் மனைவி சார்லட்டும் இருந்தார்கள். 1863இல், இளம் வயதில், ஹைதராபாத் சமஸ்தானம் தாண்டி சுமார் 1,200 மைல் சுற்றி வந்தவர் அவர். அதே மனிதர் முதுமையில் உடல் தளர்ந்தபோது மேஜைக்கு முன் உட்கார்ந்து தெலுங்கு வேதாகம அகராதிக்கு எழுதினார். 1908இல் மதனப்பள்ளியிலேயே காலமானார். குதிரையிலிருந்து மேஜைக்கு வந்ததை அவர் தோல்வியாக எண்ணியிருந்தால் அந்த எழுத்துவேலை நடந்திருக்காது.

நம்மவர்களிலும் உண்டு. திருநெல்வேலி இந்திய மிஷனெரி சங்கம் 1903இல் தொடங்கியது. அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான வெள்ளாளன்விளை வி.எஸ். அசரியா, ஆறு வருஷம் கழித்துத் தாமே தோர்ணக்கல்லுக்குப் போனார். மனைவி அன்பு மரியம்மாளும் தமிழ்நாட்டை விட்டு அந்தத் தெலுங்குச் சீமையில் குடும்பம் நடத்தினார். அசரியா 1912இல் பேராயர் ஆனார். 1945 ஜனவரி 1இல் இறக்கும்வரை அதுதான் அவருடைய ஊர். அவர்களுக்கும் தெலுங்கு அந்நிய மொழிதான். அதைக் கற்றுக்கொண்டுதான் பேசினார்கள்.

ஊருக்கென்று ஒரு வாரம் உண்டு

உங்கள் அட்டவணையை எழுதுவதற்கு முன் ஊரின் அட்டவணையைப் படியுங்கள். இதற்கு ஒரு மாதம் ஒதுக்குங்கள். அந்த மாதத்தில் எந்தக் கூட்டத்தையும் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

சூளூர்பேட்டையின் வாரத்தைச் சொல்கிறேன். காலையில் ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையத்துக்குப் போகிற பஸ்கள் கிளம்பிவிடும். ஸ்ரீசிட்டி தொழிற்சாலைகளுக்குப் போகிறவர்கள் ஷிப்டு முறையில் போய் வருவார்கள். நீங்கள் பார்க்கப் போகிற வீட்டுப் பெண் இரவு ஷிப்டு முடிந்து தூங்குகிற நேரத்தில் கதவைத் தட்டினால் அது சந்திப்பு அல்ல, தொந்தரவு. பழவேற்காடு ஏரிக்கரை மீனவர்களுக்குக் காற்றும் தண்ணீரும்தான் கடிகாரம். ராக்கெட் ஏவுகிற நாளில் கடலுக்குப் போகத் தடை இருக்கும், சாலையில் காவல் இருக்கும். அன்றைக்குத் தீவுப் பக்கம் வீடு சந்திக்கிறேன் என்று சொல்லிவிட்டுப் பாதி வழியில் நிற்காதீர்கள். ராக்கெட் கிளம்பும் நேரத்தில் ஊரே மொட்டை மாடியில் இருக்கும். நீங்களும் ஏறிப் பாருங்கள். பக்கத்து மாடியிலிருந்து யாராவது உங்களை முதல் முறையாகப் பெயர் சொல்லிக் கூப்பிடுவது அன்றைக்குத்தான் நடக்கும்.

இந்த ஊரின் தாய் செங்காளம்மா. காளங்கி ஆற்றுப் பக்கம் இருக்கும் அந்தக் கோயிலின் வாசல் இரவும் அடைப்பதில்லை என்பது ஊர் வழக்கம். ராக்கெட் ஏவும் முன் விண்வெளி விஞ்ஞானிகளும் அங்கே வந்து போவது ஊரறிந்தது. கோயில் திருவிழா நாட்களில் நாங்கள் ஒலிபெருக்கி வைப்பதில்லை, தெருக்கூட்டம் நடத்துவதில்லை. ஏரிக்குள் வேனாடு தர்காவுக்கு ஜனம் போகும் நாளும் அப்படித்தான். அடுத்தவர் திருவிழாவை மதிக்கத் தெரியாதவருக்கு அந்தத் தெருவில் ஒரு கிழமையும் கிடைக்காது.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை. காளங்கி நிறைந்து வந்தால் பள்ளமான தெருக்களுக்குப் போக முடியாது. பூநாரைகள் ஏரிக்கு வரும் குளிர்காலத்தில் பறவை பார்க்க வெளியூர்க் கூட்டம். இதையெல்லாம் காலண்டரில் பென்சிலால் குறித்துவிட்டுப் பிறகு பேனாவை எடுங்கள்.

எங்கள் வாரம்: ஒரு மாதிரி

இதை அப்படியே நகலெடுக்க வேண்டாம். எலும்புக்கூட்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஞாயிறு: காலையில் எனக்கு ஓய்வுநாள் பள்ளி, பிறகு ஆராதனை. தெலுங்குச் சபையில் பாட்டும் சாட்சியுமாக நேரம் நீளும். பையில் பிஸ்கட்டும் தண்ணீரும் இல்லாமல் போவதில்லை. பிற்பகல் யார் அழைத்தாலும் தூக்கம்தான்.

திங்கள்: வேலை இல்லை. துணி துவைப்பது, பிள்ளைகளுக்குப் போன், காலை நீட்டிப் படுப்பது. முதல் வருஷம் "திங்கள் ஓய்வு" என்று சொல்ல வெட்கப்பட்டோம். இப்போது சபையார் எல்லோருக்கும் தெரியும். சாவு வீடு ஒன்றுக்குத்தான் விதிவிலக்கு.

செவ்வாய்: ஊருக்குள் வீடு சந்திப்பு. இரண்டே வீடு. ஒரு வீட்டில் ஒரு மணி நேரம். ஐந்து வீட்டுக்குப் பத்துப் பத்து நிமிஷம் போனால் ஐந்து வீட்டிலும் காபிதான் குடித்திருப்போம், கதை கேட்டிருக்க மாட்டோம்.

புதன்: வெளியூர். ஒரே ஒரு ஊர், இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. இடைப்பட்ட புதன் தெலுங்கு வகுப்பு. காலை ஏழுக்குக் கிளம்பி, வெயில் ஏறுமுன் பதினோரு மணிக்கு வீடு.

வியாழன்: திண்ணை நாள். நாங்கள் எங்கும் போவதில்லை, ஊர் எங்களிடம் வரும். இதைப் பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன்.

வெள்ளி: உபவாச ஜெபம். சர்க்கரை வியாதிக்காரர் உபவாசம் இருக்க வேண்டாம் என்று டாக்டர் சொன்னால், அதுவும் கீழ்ப்படிதல்தான். இவர் இரண்டு இட்லி சாப்பிட்டுவிட்டு ஜெபத்துக்கு வருவார். யாரும் குறை சொன்னதில்லை.

சனி: கடைத்தெரு, ஞாயிறு பாடம் தயாரிப்பு. ராத்திரி ஏழு மணிக்குப் பிறகு போனை எடுப்பதில்லை.

கூட்டிப் பாருங்கள். பதினோரு இடம் ஐந்தாகிவிட்டது. ஆனால் இந்த ஐந்தையும் நாங்கள் தவறவிடுவதில்லை. வேலூரில் ஐடா ஸ்கடர் தொடங்கிய சாலையோர மருத்துவத்தின் ரகசியமும் இதுதான். குறிப்பிட்ட நாளில் குறிப்பிட்ட சாலையில் வண்டி வரும், குறிப்பிட்ட மரத்தடியில் நிற்கும். வரும் என்று தெரிந்ததால் நோயாளிகள் காத்திருந்தார்கள். இளைஞர்களால் நினைத்த நேரத்தில் ஓடி வந்து நிற்க முடியும். நம்மால் முடியாது. அதனால் நம்மை எந்தக் கிழமையில் எங்கே பார்க்கலாம் என்பது ஊருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திண்ணை நாள்

எங்களுடைய வாரத்தில் அதிகப் பலன் தந்தது நாங்கள் வீட்டை விட்டு நகராத வியாழன்தான்.

இந்தப் பக்கத்து ஜனங்கள் பெரிய வைத்தியத்துக்குத் திருப்பதிக்கும் போவார்கள், சென்னைக்கும் வேலூருக்கும் போவார்கள். சென்னை மின்சார ரயில் தடமே இந்த ஊர்வரை நீள்கிறது. ஆனால் ரயிலேறிப் போனபின் அங்கே பேச்சு தமிழில். எந்த மாத்திரை சாப்பாட்டுக்கு முன், எது பின், மறுபடி எப்போது வர வேண்டும் என்பது பாதி புரியாமலே திரும்புவார்கள். ஒரு வியாழக்கிழமை எதிர்வீட்டுப் பெண் தன் மாமியாரின் ஆஸ்பத்திரி பைலைக் கொண்டுவந்து திண்ணையில் பரப்பினாள். நான் ஒவ்வொரு மாத்திரை அட்டையின் பின்னாலும் காலைக்குச் சூரியன், ராத்திரிக்குப் பிறை என்று ஸ்கெட்ச் பேனாவால் படம் போட்டுக் கொடுத்தேன். அடுத்த வியாழன் மூன்று பேர் பைலோடு வந்தார்கள். இப்போது ஆதார் திருத்தம், பென்ஷன் மனு, பேரப்பிள்ளையின் கணக்குப் பாடம் எல்லாம் வருகிறது.

வருகிறவர்கள் எல்லா மதத்தாரும். உதவிக்கும் ஜெபத்துக்கும் நாங்கள் முடிச்சுப் போடுவதில்லை. கேட்டால் ஜெபிப்போம், கேட்காவிட்டால் மாத்திரை அட்டையோடு அனுப்பிவைப்போம். இதை நீங்களும் எழுதாத சட்டமாக வைத்துக்கொள்ளுங்கள். உதவிக்கு விலை கேட்கிற திண்ணைக்கு ஒருமுறைதான் ஆள் வரும்.

மொழி: தெரிந்த வார்த்தைதான் கவிழ்க்கும்

புது மொழியில் தெரியாத வார்த்தை உங்களை ஏமாற்றாது. கேட்டுத் தெரிந்துகொள்வீர்கள். தெரிந்த மாதிரி இருக்கும் வார்த்தைதான் கவிழ்க்கும்.

ஒரு நாள் சபையிலுள்ள ஒரு அம்மா போனில், "மீரு ராவலசின அவசரம் லேதம்மா" என்றார். அவசரம் இல்லை, மெதுவாக வாருங்கள் என்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். சாயங்காலம் நாலு மணிக்கு, ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு இருவரும் சாவகாசமாகப் போய் இறங்கினோம். கூடம் நிறைய ஆட்கள். அந்த வீட்டு மகளைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். தெலுங்கில் அவசரம் என்றால் தேவை. "நீங்கள் வரத் தேவையில்லை" என்று அந்த அம்மா மரியாதையாகச் சொல்லியிருக்கிறார். மாப்பிள்ளை வீட்டார் எங்களைப் பெண்ணின் பெரியப்பா, பெரியம்மா என்று நினைத்து எழுந்து நின்று கும்பிட்டார்கள். வாழைப்பழம் தாம்பாளத்துக்குப் போனது. நாங்கள் பின்கட்டுக்குப் போனோம்.

ஆகவே மூன்று பழக்கம். ஒன்று, முக்கியமான சேதியைத் திருப்பிச் சொல்லி உறுதி செய்யுங்கள். இரண்டு, வாரத்துக்குப் பத்து வார்த்தை போதும், ஆனால் அந்த வாரமே பயன்படுத்துங்கள். மூன்று, தப்பாகப் பேசக் கூசாதீர்கள். நான் "வந்தனாலண்டி" என்பதைச் சரியாகச் சொல்ல ஒரு மாதம் ஆனது. அதைத் திருத்திய ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள்தான் இன்றைக்கும் எனக்கு வாத்தியார்கள்.

உடம்பு, காகிதம், பணம்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் சுருக்கமாகச் செய்யாதீர்கள்.

ஏழு நாள் மாத்திரைப் பெட்டி இரண்டு வாங்குங்கள். ஞாயிறு இரவு இருவரும் சேர்ந்து நிரப்புங்கள். ஒருவர் மாத்திரை மற்றவருக்கு மனப்பாடமாக இருக்க வேண்டும். இருவருடைய நோய், மருந்து, ரத்த வகை, பிள்ளைகளின் எண் ஆகியவற்றைத் தமிழிலும் உள்ளூர் மொழியிலும் ஒரே தாளில் எழுதிக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். 108 ஆம்புலன்ஸில் வருகிறவர் தேடிக்கொண்டிருக்கக் கூடாது. திருப்பதியின் பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு எவ்வளவு நேரம் ஆகும், சென்னைக்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று ஒருமுறை நல்ல நாளிலேயே போய்ப் பார்த்துவிடுங்கள்.

காகிதம். இந்தியாவுக்குள் நாம் எந்த மாநிலத்திலும் குடியிருக்கலாம். ஆனால் வெளிநாட்டிலிருந்து வந்து ஊழியம் செய்கிறவருக்கு மிஷனெரி விசா வேண்டும், சுற்றுலா விசா போதாது. 180 நாளுக்கு மேற்பட்ட விசா என்றால் வந்து 14 நாளுக்குள் வெளிநாட்டவர் பதிவு அலுவலகத்தில் பதிய வேண்டும். கனடாவிலோ இங்கிலாந்திலோ குடியுரிமை வாங்கிவிட்ட நம் தமிழர்கள் "எங்களிடம்தான் ஓசிஐ அட்டை இருக்கிறதே" என்பார்கள். 2021 மார்ச் அறிவிப்பின்படி, ஓசிஐ அட்டை உள்ளவரும் மிஷனெரி வேலைக்குத் தனி அனுமதி பெற வேண்டும். திருமலையில் பிற மதப் பிரச்சாரத்துக்கு 2007 முதல் தடை உண்டு. அங்கே போகிற பஸ்ஸில்கூடக் கைப்பிரதி கொடுக்காதீர்கள்.

முகவரியையும் சரிபாருங்கள். சூளூர்பேட்டை 2022 ஏப்ரலில் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. பழைய மாவட்டப் பெயரோடு கொடுத்த மனு ஒன்று ஒரு அலுவலகத்திலிருந்து எங்களுக்கு இரண்டு முறை திரும்பி வந்தது.

பணம். வெளிநாட்டு நண்பர்கள் சபைக்கென்று அனுப்பும் பணத்தை உங்கள் சொந்தக் கணக்கில் வாங்காதீர்கள். அது வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்துக்குள் வரும். பதிவோ முன் அனுமதியோ பெற்ற அமைப்பு மட்டும், அதற்கென்று டெல்லி ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளையில் திறந்த கணக்கில்தான் வாங்க முடியும். நல்ல எண்ணம் சட்டத்துக்குப் பதிலாகாது. உங்கள் செலவு உங்கள் பென்ஷனுக்குள் நிற்கட்டும். சமைக்கும்போது ஒரு பிடி அரிசி எடுத்து வைத்துக் காணிக்கையாக்குவதே நம் சபைகளின் பழக்கம். சின்னச் சின்னதாகக் கொடுத்துப் பழகுங்கள். பெரிதாகக் கொடுக்கத் தொடங்கினால் உங்களைத் தேடி வருகிறவர்கள் எதற்கு வருகிறார்கள் என்பதே பிறகு தெரியாது.

இருவருக்குள்

தம்பதியாகப் போகிறவர்களுக்கு ஒரு ஆபத்து உண்டு. ஊரெல்லாம் ஆறுதல் சொல்லிவிட்டு வந்து, வீட்டில் பேச வார்த்தை மிஞ்சாது. எங்களுக்கு அது நடந்தது. ஒரு வாரம் முழுக்க நாங்கள் பேசிக்கொண்டது "சாவி எங்கே", "சாப்பிட வாங்க" மட்டும்தான். சண்டைகூட இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அதன் பிறகு நாலு மணிக் காபி வந்தது. தினமும் அரை மணி. ஊழியம், சபை, யார் வீட்டு வியாதி எதுவும் பேசக் கூடாது. பேரனின் குறும்பு, இறால் விலை, இவருடைய பழைய ஆபீஸ் கதைகள் பேசலாம். முதல் இரண்டு நாள் பேச விஷயமில்லாமல் காபி ஆறியது. மூன்றாம் நாள் நானே, 1984இல் எங்கள் கல்யாணத்தில் சாம்பார் தீர்ந்துபோன கதையை எடுத்தேன்.

இன்னொன்றும் உண்டு. "வேண்டாம்" என்று சொல்லும் அதிகாரத்தை மற்றவர் கையில் கொடுங்கள். என்னால் யாரிடமும் மறுத்துப் பேச முடியாது. அதனால் என் காலண்டர் இவர் கையில், இவர் காலண்டர் என் கையில். அழைக்கிறவரிடம் "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்பது மரியாதையான பதில், உண்மையான பதிலும்கூட. இவர் திரும்ப மயங்கி விழாததற்கு மருந்து பாதிக் காரணம், என் சிவப்புப் பேனா பாதிக் காரணம்.

கிளம்புமுன் கேட்டுக்கொள்ள வேண்டியவை

1. நாங்கள் எதுவும் செய்யாத கிழமை எது? அது சபைக்குத் தெரியுமா?
2. எந்தக் கிழமையில் வந்தால் எங்களை வீட்டில் பார்க்கலாம் என்று தெருவில் ஐந்து பேருக்காவது தெரியுமா?
3. இந்த ஊரின் சந்தை, திருவிழா, மழை, ஷிப்டு நேரம் எல்லாம் காலண்டரில் ஏறிவிட்டதா?
4. ஒருவர் படுத்துவிட்டால் மற்றவர் எதையெல்லாம் உடனே நிறுத்துவார் என்று பேசிவைத்திருக்கிறோமா?
5. திரும்பிப் போகும் தேதி அல்லது வயது முடிவாகிவிட்டதா?

ஐந்தாவது கேள்விக்குத்தான் எல்லோரும் கோபப்படுவார்கள். "ஊழியத்துக்கு முடிவு தேதியா?" என்பார்கள். நாங்கள் 72 என்று எழுதி வைத்திருக்கிறோம். அன்றைக்குத் தெம்பு இருந்தால் ஒவ்வொரு வருஷமாக நீட்டலாம். ஆனால் நம்மை அனுப்பிவைப்பது எப்படி என்று சபையார் தவிக்கும் நிலைக்கு வரக் கூடாது.

இந்த அத்தியாயத்தை மூடியதும் ஒரு காலண்டரும் இரண்டு நிறப் பேனாவும் எடுத்துக்கொண்டு இருவரும் உட்காருங்கள். முதலில் ஓய்வு நாளை அடைத்துவிடுங்கள். அடுத்து திண்ணை நாள். மீதமுள்ள கட்டங்களில் ஒரு நாளுக்கு ஒரு வேலை. இடம் மிஞ்சினால் அதை நிரப்பாதீர்கள். அந்த வெற்றுக் கட்டத்தில்தான் எதிர்வீட்டுப் பெண் பைலோடு வந்து நிற்பாள்.